ஸ்டார் ட்ரெக்கை வீட்டுக்காரருக்குக் காட்டுவது எப்படி: முதல் நான்கு இரவுகள்

ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை மனைவிக்கோ கணவருக்கோ காட்ட ஆசைப்படுபவர்கள் முதல் சீசனின் முதல் எபிசோட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவார்கள். விசயம் அங்கேயே கெட்டுவிடும். 1987இல் வந்த அந்த எபிசோட் ஒன்றரை மணித்தியாலம் ஓடும். நடிகர்களுக்குப் பாத்திரம் இன்னும் படியவில்லை, எழுதியவர்களுக்கு நடை பிடிபடவில்லை. தொடர் நிமிர்ந்து நிற்பது மூன்றாம் சீசனில்தான். அதற்கு முன்னுள்ள 48 எபிசோட்டையும் நீங்கள் ஆசையில் கடந்திருப்பீர்கள். புதிதாக வருபவருக்கு அந்த ஆசை இன்னும் பிறக்கவில்லை.

ஏழு சீசன், 178 எபிசோட். அநேகமானவை முக்கால் மணித்தியாலத்தில் முடிகிற தனிக்கதைகள். ஆகவே எந்த வாசலாலும் உள்ளே போகலாம். எந்த வாசல் என்பதைத் தொடரின் வரிசை தீர்மானிக்கக் கூடாது, உள்ளே வருகிறவர் தீர்மானிக்க வேண்டும். வன்னியில் இருக்கும் ஒருவருக்கு நாங்கள் சொல்லும் வரிசை இது.

முதல் இரவு: நான்காம் சீசனின் 11ஆவது எபிசோட், "டேட்டாஸ் டே". டேட்டா என்ற செயற்கை மனிதன் தன் ஒரு நாளை, மடொக்ஸ் என்ற ஒருவருக்குக் கடிதமாகச் சொல்கிறான். கப்பல் எது, யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவன் வாயாலேயே வந்துவிடும். நீங்கள் அறிமுகம் சொல்லத் தேவையில்லை. கதையின் நடு விசயம் ஒரு கலியாணம். கலியாண நாளன்று காலை பெண் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். அப்படிச் சொன்னதால் அவளுக்கு மனநிம்மதி, அவளுடைய சந்தோசம்தானே மாப்பிள்ளைக்கும் வேண்டும் என்று கணக்குப் போட்ட டேட்டா, மாப்பிள்ளையிடம் போய் நல்ல செய்தி கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, கலியாணம் நின்ற கதையைச் சொல்கிறான். அந்த இடத்தில் பக்கத்தில் பார்ப்பவர் சிரித்தால் பாதி வேலை முடிந்தது. விண்வெளியைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் கலியாண வீட்டுக் குழப்பம் விளங்கும்.

இரண்டாம் இரவு: இரண்டாம் சீசனின் ஒன்பதாவது, "த மெஷர் ஒஃப் எ மேன்", 1989. முதல் இரவில் டேட்டா கடிதம் எழுதிய அந்த மடொக்ஸ் யார் என்பது இங்கேதான் தெரியவரும். டேட்டாவைக் கழற்றி ஆராய வேண்டும் என்று வந்தவர் அவர். டேட்டா ஒரு ஆளா, அரசாங்கச் சொத்தா என்று வழக்கு நடக்கிறது. நண்பனே எதிர்த்தரப்பில் வாதாட வேண்டிய நிலை. விண்வெளிச் சண்டை ஒன்றுகூட இல்லை. வாதப் பிரதிவாதத்தில் விருப்பமுள்ளவருக்கு, பட்டிமன்றம் விடாமல் பார்க்கிறவருக்கு, இதையே முதல் இரவில் போட்டாலும் பிழையில்லை. இதற்கு நீட்டிய பதிப்பு ஒன்றும் உண்டு. முதல் தரம் காட்ட வழமையான பதிப்பே போதும்.

மூன்றாவது, ஐந்தாம் சீசனின் இரண்டாவது எபிசோட், "டார்மொக்". தம் பழங்கதைகளைச் சுட்டியே பேசுகிற ஒரு இனம். சொல் எல்லாம் மொழிபெயர்ந்துவிடும், பொருள் மட்டும் விளங்காது. பிக்கார்ட் கப்டன் விழிப்பதைப் போலவே பார்ப்பவரும் முதல் 20 நிமிடம் விழிக்க வேண்டும். அதுதான் கதை. "என்னப்பா சொல்லுறாங்கள்?" என்று கேட்டால், "கப்டனுக்கும் விளங்கேல்ல, பாருங்கோ" என்பதோடு நிறுத்துங்கள். விடையை முன்கூட்டிச் சொன்னால் எபிசோட் செத்துவிடும். முடிந்த பிறகு கதைக்க நிறைய உண்டு. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடியவிடிய இருந்து பார்த்தவரிடம், "கண்ணகி, கையில் ஒற்றைச் சிலம்பு" என்று மட்டும் சொன்னால் கோபமும் நியாயமும் இழப்பும் ஒன்றாக வந்துவிடுகிறதே, அந்த மக்கள் முழு வாழ்க்கையையும் அப்படியே பேசுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

நான்காவது, அதே சீசனின் 25ஆவது, "த இன்னர் லைட்". 1992இல் ஒளிபரப்பாகி அடுத்த வருடம் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. பிக்கார்ட் கப்பலில் மயங்கி விழுகிறார். கண் விழிக்கும்போது முன்பின் தெரியாத ஒரு ஊரில், தெரியாத ஒரு பெண்ணின் கணவராக இருக்கிறார். கப்பலில் கழிவது 25 நிமிடம், ஊரில் ஒரு முழு ஆயுள். இதை முதலிலேயே காட்டிவிட எல்லாருக்கும் கை துடிக்கும். பொறுங்கள். பிக்கார்ட் குடும்பமோ பிள்ளையோ வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கும் மனிதர் என்பது பார்ப்பவருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான், தன் இஷ்டத்துக்கு வீட்டில் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தவர், அடுத்ததாக ஒன்று கட்ட மனைவியிடம் அனுமதி கேட்டு, அது குழந்தைக்கான அறை என்று சொல்லும் இடம் தன் முழுப் பாரத்தோடு வந்து விழும்.

இந்த எபிசோட்டை வன்னியில் பார்ப்பதற்குத் தனிப் பொருள் உண்டு. அந்த ஊரில் மழை பொய்க்கிறது. நடுமுற்றத்தில் ஒரு கன்றை மட்டும் ஊரே சேர்ந்து தண்ணீர் ஊற்றிக் காக்கிறது. நீர் சேர்க்க ஒரு பொறி கட்டுவோம் என்று அதிகாரியிடம் கேட்டு நிற்கிறார்கள். தகப்பனும் மகளும் மண்ணைச் சோதிக்கிறார்கள், மண் உயிரற்றுப் போவதைக் கண்டுபிடிக்கிறார்கள். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் காத்திருந்த குடும்பத்துக்கு, இரணைமடுவின் கீழோ வவுனிக்குளத்தின் கீழோ வயல் செய்பவருக்கு, இந்தக் காட்சிகளில் ஒரு வரிகூட விளக்கம் தேவைப்படாது. நீங்கள் பத்துத் தரம் பார்த்திருந்தாலும் அவர் உங்களைவிடக் கூடுதலாகக் காண்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

போட முன்னர் நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டியவை

இங்கே எங்கள் வீடுகளில் யாருக்கு எந்தச் சத்தம் எதைக் கிளப்பும் என்பது பக்கத்தில் படுப்பவருக்கே சில வேளை தெரியாது. அறிவியல் புனைகதைத் தொடர்களில் குண்டு, பதுங்குகுழி, இடம்பெயர்வு, சிறை, காணாமல் போனவர்கள் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஆகவே எதைப் போடுவதானாலும் அந்த எபிசோட்டை அந்த வாரமே ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். பழைய ஞாபகத்தை நம்ப வேண்டாம். கதை ஞாபகமிருக்கும், சத்தம் ஞாபகமிராது.

ஆறாம் சீசனின் 10, 11ஆவது எபிசோட்கள் சித்திரவதை பற்றியவை. ஐந்தாம் சீசனின் மூன்றாவது எபிசோட்டில் அகதி முகாம்களில் வாழும் பஜோர் மக்கள் வருகிறார்கள். 1993இல் தொடங்கிய டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் தொடங்குவதே ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு அந்த மக்கள் எழும்புகிற கதையோடுதான். டொக்டர் ஹூ என்ற பிரித்தானியத் தொடரைத் தெரிவு செய்பவர்கள் 2005ஆம் ஆண்டுச் சீசனில், 1941இல் குண்டு விழும் லண்டனில் நடக்கும் இரண்டு எபிசோட்களைக் கவனிக்கவும். பாட்டில்ஸ்டார் கலக்டிக்காவின் 2004ஆம் ஆண்டுத் தொடர் உறக்கமில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும் மக்களோடு தொடங்குகிறது. 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வருகிறான், தப்பியவர்களின் தொகை ஒரு பலகையில் எழுதப்பட்டுக் குறைந்துகொண்டு போகிறது. கப்பலின் ஒரு நடைபாதைச் சுவர் முழுக்க உறவுகளின் படங்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் படத்தோடு இருந்த குடும்பத்தில் ஒருவருக்கு அந்தச் சுவர் ஒரு சாதாரணக் காட்சியாக இருக்காது.

இவற்றை மறைக்கச் சொல்லவில்லை. சிலர் இதற்காகவே தொடரோடு ஒட்டிவிடுவார்கள், எங்கள் கதை வேறு எங்கோ சொல்லப்பட்டிருக்கிறது என்று. செய்ய வேண்டியது ஒன்று: போட முன்னர் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இதில சிறைக்காட்சி இருக்கு, ஒரு பத்து நிமிசம் கஷ்டமா இருக்கும். பாப்பமா, விடுவமா?" முடிவு அவருடையது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் அடுத்ததுக்குப் போங்கள். சத்தத்தைப் பொறுத்தவரை, பேச்சு கேட்கும் அளவுக்கு வைத்தால் வெடி அதிரும். டிவியின் ஒலி அமைப்பில் பேஸை, அதாவது அதிரும் அடித்தொனியை, குறைத்து, பேச்சைத் தெளிவாக்கும் முறை இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

டிவி, ஜிபி, கரண்ட்

ஃபோனில் காட்டாதீர்கள். சிறு திரையில் இரண்டு பேர் தலையை முட்டிக்கொண்டு ஆங்கிலச் சப்டைட்டில் வாசிப்பது சரிவராது. 32 அங்குல டிவி தாராளம். அதற்கு உயர்தரப் படம் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கின்படி நடுத்தர அளவில் மணிக்கு 0.7 ஜிபி வரை, உயர்தரத்தில் 3 ஜிபி வரை போகும். அந்தக் கணக்கில் நான்கு எபிசோட்டுக்கு நடுத்தரத்தில் சுமார் 2 ஜிபி, உயர்தரத்தில் 9 ஜிபி. இரவு ஜிபி தனியாக வரும் பக்கேஜ் இருந்தால் முதல்நாள் நடுச்சாமத்தில் இறக்கி வைத்துவிடுங்கள். படம் நடுவில் நின்று வட்டம் சுற்றத் தொடங்கினால் புதியவரின் கவனம் குசினிக்குப் போய்விடும், திரும்பி வராது.

ஆப்பில் இறக்கியதைப் பென்டிரைவில் போட முடியாது. டிவிக்குக் காஸ்ட் செய்தால் அநேகமான ஆப்கள் இறக்கியதை விட்டுவிட்டு மீண்டும் இன்டர்நெட்டிலிருந்தே இழுக்கும். லப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் இணைப்பதுதான் நம்பகமானது. எல்லா ஃபோனும் வயர் வழியாகப் படம் தராது, முதலே சோதித்துப் பாருங்கள். இந்தத் தொடர் பழைய சதுரத் திரைக்கு எடுக்கப்பட்டது, இரு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும். டிவியில் அகலமாக்கும் பொத்தானை அழுத்தினால் பிக்கார்டின் முகம் பூசணிக்காயாகிவிடும்.

கரண்ட் போனால் மீதியை லப்டொப்பில் முடிக்கலாம், அதனால் சார்ஜ் நிரம்பியிருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இன்னொரு நாள் பாருங்கள்.

காலமும் முக்கியம். காலபோக அறுவடை நடக்கும் தை, மாசியில் தொடங்க வேண்டாம். வயலிலிருந்து வந்தவர் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார், பிடிக்கவில்லை என்று நீங்கள் பிழையாக எடுப்பீர்கள். வட்டாப்பளைப் பொங்கல் வாரம், வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் மாதம், இவையும் தோதில்லை. அவர் பார்க்கும் நாடகத்தின் நேரத்தில் கை வைக்கவே கூடாது. அதற்கு முன்னரோ பின்னரோ கேளுங்கள்: "இஞ்சேரப்பா, முக்கால் மணித்தியாலம்தான், ஒண்டு பாப்பம்." வாரத்துக்கு ஒன்று போதும்.

பக்கத்தில் இருப்பவர்

ரிமோட்டை அவர் கையில் கொடுங்கள். நிறுத்தும் உரிமை அவருக்கு இருந்தால் கேள்வி தானாக வரும்.

தொடங்க முன்னர் மூன்று விசயம் மட்டும் சொல்லலாம்: கப்பல் ஒளியை விட வேகமாகப் போகும், ஆட்களை ஒரு இடத்தில் கரைத்து இன்னொரு இடத்தில் சேர்க்கும் கருவி உண்டு, கப்பலில் குடும்பங்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதற்கு மேல் அரசியல், இனங்கள், பழைய தொடர் எதுவும் வேண்டாம்.

ஆங்கிலம் வேகமாகப் பிடிபடாதவருக்கு ஒரு வழி உண்டு. அநேகமான எபிசோட்களின் தொடக்கப் பகுதியில் கப்டனின் நாட்குறிப்பு வரும், இரண்டு மூன்று வசனம். எங்கே போகிறார்கள், எதற்கு என்பது முழுவதும் அதற்குள் இருக்கும். அங்கே நிறுத்தி அதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். சப்டைட்டிலை ஆங்கிலத்தில் வைத்து, வசதி இருந்தால் ஓடும் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். குரல் மாறியது தெரியாது, வாசிக்க நேரம் கிடைக்கும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் அவர் டிவியைப் பார்க்காமல் உங்கள் வாயைத்தான் பார்ப்பார்.

அவர் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். "இப்ப வருகிற காட்சியைப் பாருங்கோ" என்று சொல்லாதீர்கள். முடிந்தவுடன் எப்படி என்று கேட்கவும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து, சமைக்கும்போதோ மோட்டார் சைக்கிளில் போகும்போதோ, "அந்த மஞ்சள் கண்காரனுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று அவராகக் கேட்டால் தொடர் வேர்விட்டுவிட்டது. அவர் வைக்கும் பெயரைத் திருத்த வேண்டாம். கப்பலின் பொறியியலாளர் ஜோர்டி அவருக்கு "கண்ணில கிளிப் போட்டவர்" என்றால் அப்படியே இருக்கட்டும்.

நான்கும் முடிந்து ஒன்றும் கேட்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், ஐந்தாவது வேண்டாம். அவர் விரும்பும் தொடரில் நான்கு எபிசோட் நீங்கள் இருந்து பாருங்கள், அதே ஒழுங்குகளோடு, ஃபோனை எடுக்காமல்.

கேட்டால், மூன்றாம் சீசனின் தொடக்கத்துக்குப் போய் வரிசையாகப் பாருங்கள். அந்தச் சீசனின் கடைசி எபிசோட் பாதியில் அறுந்து நாலாவதின் முதலில்தான் முடியும். 1990இல் பார்த்தவர்கள் அதற்கு ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தார்கள், நீங்கள் அவரைக் காக்க வைக்கத் தேவையில்லை. போயாவுக்கு முதல்நாள் இரவு இரண்டையும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அடுத்து வரும் "ஃபமிலி"யைத் தாண்ட வேண்டாம். எதிரியின் கையில் சிக்கி மீண்ட பிக்கார்ட் ஊருக்குப் போய், அண்ணனோடு சேற்றில் புரண்டு சண்டை பிடித்து, பிறகு உடைந்து அழுகிறார். இதையும் முதலே சொல்லிவிட்டுப் போடுங்கள். பிறகு முதல் இரண்டு சீசனுக்குத் திரும்பினால், இரண்டாம் சீசனின் கடைசி எபிசோட் பழைய காட்சிகளை ஒட்டிச் செய்தது, அதை விட்டுவிடலாம். ஒதுக்கி வைத்த அந்த முதல் எபிசோட்டை மட்டும் மறக்காதீர்கள். 1994இல் வந்த இறுதி எபிசோட் நேராக அதற்குள்தான் போகிறது, ஆகவே முடிவைப் போடுவதற்கு ஒரு வாரம் முன்னர் அதைக் காட்டுங்கள்.