பென்குயினை விடுங்க, துருவத்துப் பறவையை மணக்குடிப் பக்கம் பார்ப்பது எப்படி?

துருவப் பகுதி உயிரினம் என்றாலே நமக்குப் பனிக்கரடியும் பென்குயினும்தான், அதுவும் டிவியில். ஆனால் ஆர்க்டிக்கில் முட்டை உடைத்து வெளியே வந்த ஒரு உயிரை நேரில் பார்க்க வேண்டுமென்றால் நாகர்கோவிலில் இருந்து மணக்குடிப் பக்கம் போனால் போதும். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் சேற்றைக் கொத்திக்கொண்டு திரியும் பொடி உள்ளான் பறவைகளில் பல, வட சைபீரியாவின் மரமில்லாத தூந்திரப் பகுதியில் பிறந்தவை. நேர்கோட்டில் அளந்தாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல்.

எப்போது போவது? ஆகஸ்டிலேயே வர ஆரம்பித்துவிடும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகளில் தண்ணீர் ஏறிவிட்டால் குட்டைக் கால்காரர்களுக்கு அங்கே வேலையில்லை. டிசம்பர் கடைசியில் இருந்து மார்ச் வரை நல்ல காலம். சுசீந்திரம் குளம் ரோட்டோரமாகவே இருப்பதால் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், நாரையும் வாத்தும் பார்க்க அது சரி, இந்தப் பொடிசுகளுக்கு உப்பளம்தான். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். முதல் தடவை நான் பதினொரு மணிக்குப் போய், உப்பு வெளிச்சத்தில் கண்ணில் தண்ணீர் வடிந்ததுதான் மிச்சம். பாத்தி வரப்பில் இறங்குவதற்கு முன் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "இந்தப் பொடிக்குருவியப் பாக்கவா தம்பி இவ்வளவு தூரம் வந்திய?" என்று ஒரு அக்கா சிரித்தார், ஆனால் கூட்டம் எந்தப் பாத்தியில் இறங்கும் என்று காட்டியதும் அவர்தான்.

இரண்டு பறவைகளை மட்டும் முதலில் பழகுங்கள். கொசு உள்ளான்: சிட்டுக்குருவி அளவு, கருங்கால், தையல் மெஷின் ஊசி மாதிரி நிற்காமல் கொத்திக்கொண்டே ஓடும். அடுத்தது கர்லூ சாண்ட்பைப்பர்: அதைவிடப் பெரியது, நீண்ட மூக்கின் நுனி கீழே வளைந்திருக்கும், வயிறு நனையும் ஆழத்தில் நின்று துழாவும், பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளையாகத் தெரியும். எட்டு மடங்கு பைனாகுலர் இருந்தால் தாராளம்.

இவ்வளவு சின்ன உடம்பு எதற்காக அந்தக் குளிருக்குத் திரும்பிப் போகிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும், அதனால் கஸ்தூரி எருதும் ஆர்க்டிக் நரியும் தடித்த ரோமத்தோடு அங்கேயே தாக்குப்பிடிக்க, இவை கிளம்பி வந்துவிடும். ஜூன், ஜூலையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. உருகிய பனித் தண்ணீரில் கொசுவும் பூச்சியும் பெருகிக் கிடக்கும், குஞ்சு பொரிந்த உடனே தானாக ஓடி மேயலாம். குளிர்ந்த சேற்றில் நின்றாலும் கால் வழியாகச் சூடு வீணாகாது: உடம்பில் இருந்து இறங்கும் சூடான ரத்தக்குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த குழாயும் ஒட்டியே ஓடுவதால் சூடு பாதியிலேயே உள்ளே திரும்பிவிடும். பென்குயின் காலிலும் இதே ஏற்பாடுதான்.

அங்கே லெமிங் என்ற எலி போன்ற பிராணி பெருகும் வருடம் நரிக்கு வயிறு நிறையும், உள்ளான் முட்டைகள் தப்பிக்கும். எலி குறைந்தால் நரி கூட்டைத் தேடி வரும். ஆகவே செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் முதுகில் செதில் செதிலாகக் கோடு போட்ட இளம் பறவைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அந்த வருடம் அங்கே எத்தனை குஞ்சு தப்பித்தது என்று ஓரளவு தெரியும், மழைக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி அதற்குப் போதும். எண்ணியதைத் தேதியோடு, பறவை பார்ப்பவர்கள் கணக்கைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் (eBird) ஏற்றிவிடுங்கள்.

போட்டோவுக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள், மார்ச்சில் முக்கியமாக. அப்போது அவை பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் ஒரு தடவை துரத்தினால் அதில் கொஞ்சம் வீண். ஏப்ரலில் கிளம்பும் முன் இன்னொரு தடவை எட்டிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் இருந்த கர்லூ சாண்ட்பைப்பர் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். ஜூனிலும் ஒன்றிரண்டு சாம்பலாகவே நின்றால் வழி தவறியவை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அவை முதல் வருடப் பறவைகள், இந்தத் தடவை போகாமல் இங்கேயே தங்கிவிட்டவை.