வீட்டுப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி: சுட்டுப் பார்த்தாயிற்று என்று நினைத்து ஏமாறுவது

போன வாரம் சுடுதளத்தில் எனக்கு அடுத்த தடத்தில் நின்றவர் புதுசாக வாங்கிய 9 மி.மீ. கைத்துப்பாக்கியோடு வந்திருந்தார். ஒரு பெட்டி, 50 தோட்டா, எதுவும் சிக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்போடு பையைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம், வீட்டில் எந்தத் தோட்டாவைப் போட்டு வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஹாலோ பாயிண்ட், அதாவது மூக்கில் குழி வைத்த தோட்டா, ஒரு பெட்டி காரில் இருக்கிறதாம், இன்னும் பிரிக்கவில்லையாம். "அதைப் போய் இங்கே சுட்டுத் தீர்ப்பாங்களா, என்ன விலை தெரியுமா?" என்றார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விசையில் விரல் வைக்காதே, குழல்வாயை ஆள் பக்கம் திருப்பாதே, கண்ணாடியும் காதுக்கவசமும் போடு, இதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதில் சந்தேகம் இருப்பவர்கள் முதலில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போங்கள், துப்பாக்கி அப்புறம் வாங்கலாம். கீழே ஒவ்வொரு தலைப்பும் புதிதாக வாங்குபவர்கள் செய்யும் ஒரு தவறு.

சின்னதாக வாங்குவது

வீட்டில் வைக்கப்போகும் துப்பாக்கியைச் சட்டைக்குள் ஒளிக்க வேண்டிய வேலை இல்லை. பிறகு ஏன் உள்ளங்கை அளவில் ஒன்று? முழு அளவுத் துப்பாக்கியின் எடையே சுடும்போது வரும் உதையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே தூரம் கூடுதல், அதனால் குறி பார்ப்பதில் நேரும் சின்னப் பிசகும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சுண்டு விரலுக்கும் பிடியில் இடம் இருக்கும். அளவு புரிய வேண்டுமென்றால் குளோக் 17-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்: குழல் சுமார் நாலரை அங்குலம், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) 17 தோட்டா. குறைந்த விலையிலும் இந்த அளவில் நல்ல துப்பாக்கிகள் கிடைக்கின்றன.

கடையில் பிடித்துப் பார்த்தே முடிவு செய்வது

வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்.

ஒன்றைச் சோதித்துவிட்டு இன்னொன்றை நிரப்பி வைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பயிற்சிக்குச் சுடுவது பெரும்பாலும் முழு உலோக உறை போட்ட, மூக்கு உருண்டையான தோட்டா. தற்காப்புக்கு வைப்பது ஹாலோ பாயிண்ட், மூக்கில் குழி, முனை மழுங்கல். மேகசினிலிருந்து கிளம்பும் தோட்டா ஒரு சின்னச் சரிவில் ஏறித்தான் சேம்பருக்குள் (சுடுவதற்குத் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) போக வேண்டும். உருண்டை மூக்கு அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும், மழுங்கல் மூக்கு சில துப்பாக்கிகளில் முட்டி நின்றுவிடும். பழைய 1911 வகைத் துப்பாக்கிகள் உருண்டை மூக்குத் தோட்டாவுக்கென்றே பிறந்தவை, ஹாலோ பாயிண்ட் வந்தபோது அவற்றில் பல தகராறு செய்தது ஊரறிந்த கதை. இன்றைய துப்பாக்கிகள் எவ்வளவோ தேவலை, ஆனால் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கி எப்படி என்பது சுட்டால்தான் தெரியும்.

என் கதை இது. மலிவாக ஒன்று வாங்கி 300 பயிற்சித் தோட்டா சுட்டேன், ஒரு சிக்கலும் இல்லை. பிரிக்காமல் வைத்திருந்த ஹாலோ பாயிண்டை நிரப்பிப் பெட்டகத்தில் வைத்து ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன். பழைய தோட்டாக்களை மாற்றலாம் என்று சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டால், மூன்றாவது தோட்டா சரிவில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. சரிசெய்து சுட்டேன், ஐந்தாவதும் நின்றது. அந்த ஒரு வருடம் எதை நம்பிப் படுத்திருந்தேன் என்று நினைத்துப் பாருங்கள்.

கூத்து அதோடு முடியவில்லை. துப்பாக்கியின் மேல் பழியைப் போட்டு ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) ஸ்பிரிங்கை மாற்றினேன், சரிவைப் பளபளப்பாக்க ஒருவரிடம் கொடுத்துக் காசு அழுதேன். கடைசியில் பார்த்தால் கோளாறு கூடவே வந்த இரண்டு மேகசின்களில் ஒன்றில், அதன் வாய் விளிம்பு லேசாக விரிந்திருந்தது. உருண்டை மூக்கு அதையும் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்ததால் எது சிக்குகிறது என்று பிரித்துப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. மலிவு விலையில் மிச்சம் பிடித்ததைவிட இந்த அலைச்சலில் போனது அதிகம்.

இப்போது நான் செய்வது: வாங்கியவுடன் மேகசின்களில் 1, 2 என்று மார்க்கரால் எழுதிவிடுவேன். முதலில் 200 பயிற்சித் தோட்டா. பிறகு வீட்டில் வைக்கப்போகும் அதே ஹாலோ பாயிண்ட், அதே கிரெய்ன் எடை (குண்டின் எடையைச் சொல்லும் அலகு), குறைந்தது 50, ஒவ்வொரு மேகசினையும் வாய்வரை நிரப்பி. நிரம்பிய மேகசினின் முதல் தோட்டாவும் கடைசித் தோட்டாவும்தான் அதிகம் சண்டித்தனம் செய்யும், அதனால்தான் வாய்வரை நிரப்புவது. ஒற்றைக் கையாலும் கொஞ்சம் சுட்டுப் பார்ப்பேன். சிக்கினால் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா என்று அப்போதே குறித்துவிடுவேன். காசு வலிக்கும்தான், அதையும் சேர்த்தே துப்பாக்கியின் விலையாகக் கணக்குப் பண்ணுங்கள்.

இன்னொன்று, தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி, இறக்கி, அதே தோட்டாவை மறுபடி மறுபடி ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தடவையும் மூக்கு இடிபட்டுக் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், அமுங்கினால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினால் உயர வித்தியாசம் தெரியும். குட்டையாகிவிட்டதைச் சுடாமல் தனியே ஒதுக்கி வையுங்கள்.

மணிக்கட்டைத் தளரவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுவது

ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய் வர வேண்டுமென்றால் பிடி அசையாமல் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் காலிக் கூடு வெளியே விழாமல் நட்டுக்குத்தலாக மாட்டிக்கொள்ளும். அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே மேகசின், வேறொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவருக்கு ஓடினால் குறை யாரிடம் என்று தெரிந்துவிடும். குறை என்னிடம்தான் என்று தெரிந்த நாளில் முகம் தொங்கிப்போய்த்தான் வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மீட்டரில் மட்டும் சுட்டுப் பூரித்துப்போவது

அந்தத் தூரத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். வீட்டுக்குள் நேராகப் பார்க்க முடிகிற மிக நீண்ட தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு, அந்தத் தூரத்திலும் அதற்கு இரட்டிப்பிலும் சுடுங்கள். தப்பிய குண்டு சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும் என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சுடும்போது வரும் "டப்" என்ற மொக்கைச் சத்தத்தைச் சட்டை செய்யாமல் விடுவது

நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

பெட்டகத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது

துப்பாக்கி வாங்கும் அன்றே, அதே பில்லில்.

கை கழுவாமல் சாப்பிடுவது

சுட்ட பிறகு கையில் ஈயம் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், முகத்தையும் சேர்த்து.