இடுப்பைத் தாங்கும் தசை: குளூட்டியஸ் மீடியஸைத் தொட்டுப் பார்ப்பது எப்படி

முதலில் எழுந்து நில்லுங்கள், உட்கார்ந்தபடி படித்தால் இது பிடிபடாது. பக்கவாட்டில் இடுப்பெலும்பின் விளிம்பு கைக்குத் தட்டுப்படும் இல்லையா, வலது பக்கம் அதற்கு நாலு விரல் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு இடது காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்குங்கள். கைக்கு அடியில் சட்டென்று இறுகுகிறதே, அதுதான் குளூட்டியஸ் மீடியஸ்.

இடுப்பெலும்பின் வெளிப்பரப்பிலிருந்து விசிறி மாதிரி இறங்கி, தொடையெலும்பின் மேல்பகுதியில் வெளிப்புறமாகப் புடைத்திருக்கும் மேட்டில் போய் ஒட்டுகிறது. காலைப் பக்கவாட்டில் விரிப்பது இதன் வேலை என்று பாடத்தில் இருக்கும். சரிதான், ஆனால் நாள் முழுக்க யார் காலை விரித்துக்கொண்டிருக்கிறார்கள்? நடக்கும்போது ஒரு கால் காற்றில் இருக்கும் நேரத்தில் அந்தப் பக்க இடுப்பு தொங்கிவிடாமல், ஊன்றிய காலின் பக்கமிருந்து இழுத்துப் பிடிப்பதுதான் இதன் முக்கிய வேலை. உடல் எடை மூட்டிலிருந்து தள்ளி இறங்குகிறது, தசையோ மூட்டை ஒட்டியே இழுக்கிறது. அதனால் எடையைவிட அதிக விசை கொடுத்தால்தான் சமாளிக்க முடியும்.

இப்போது கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். தூக்கிய பக்கம் இடுப்பு கீழே சரிந்தால் பலவீனம் ஊன்றிய காலின் பக்கம்! பலரும் குழம்புவது இங்கேதான். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டெலன்பெர்க் 1895-இல் விவரித்த சோதனை இது.

பலப்படுத்த, ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நீட்டித் தூக்கினால் போதும். ஆனால் கால் முன்னால் நகர்ந்து இடுப்பு பின்பக்கம் உருண்டால், முன்தொடைப் பக்கத்துத் தசைகள் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். முதுகைச் சுவரில் ஒட்டி வைத்து, குதிகாலைச் சுவரில் தேய்த்தபடியே மெதுவாக ஏற்றி இறக்குங்கள், விரல்கள் கூரையைப் பார்க்கக் கூடாது. 10 முறை ஒழுங்காகச் செய்தாலே பக்கவாட்டில் எரியும். இடுப்பு மூட்டில் குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், வீட்டில் யாராவது இடுப்பு வலிக்குக் கைத்தடி ஊன்றுகிறார்களா? வலிக்கிற பக்கத்துக் கையிலேயே பிடித்திருந்தால் மறு கைக்கு மாற்றிக் கொடுங்கள். அந்தப் பக்கம் சரிய இருக்கும் இடுப்பைத் தடி தாங்கிக்கொள்வதால், வலிக்கிற பக்கத் தசைக்கும் மூட்டுக்கும் சுமை குறையும்.