கொழும்புக்கு வேலைக்கு வருகிறீர்களா? சம்பளப் பணத்தை என்ன செய்வது

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் சம்பளம் வந்த கையோடு கேட்பது, இங்கே வங்கியில் எஃப்டிக்கு (நிலையான வைப்புக்கு) எவ்வளவு வட்டி என்பதைத்தான். ஊரில் கிடைப்பதைவிட ஒரு சதவீதம் கூட இருந்தால் மொத்தத்தையும் போட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பணம் கடைசியில் எங்கே செலவாகப் போகிறது? கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கா, மதுரையில் வீட்டுக் கடனுக்கா? அதை வைத்துத்தான் மற்றதை எல்லாம் முடிவு செய்ய வேண்டும்.

2022இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360. மூன்று இலங்கை ரூபாய்க்குள் கிடைத்துவந்த ஓர் இந்திய ரூபாய்க்கு நாலரைக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. அதாவது, இங்கே பத்து லட்சம் சேர்த்து வைத்திருந்தவர் மார்ச்சில் ஊருக்கு அனுப்பியிருந்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல் கிடைத்திருக்கும். மே மாதத்தில் அதே பத்து லட்சம் இரண்டேகால் லட்சம்கூடத் தேறவில்லை. எந்த எஃப்டி வட்டி அந்த இழப்பை ஈடுகட்டும்?

அந்த ஆண்டுக் கடைசியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கே (அரசு வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான பத்திரம்) 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. கேட்கக் கவர்ச்சிதான். ஆனால் செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துணிந்து போட்டவர்கள் பிறகு லாபம் பார்த்தார்கள், உண்மை. ரூபாயும் டாலருக்கு 300 பக்கம் மீண்டது. அது அப்படித்தான் திரும்பும் என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு வந்திருப்பவர் அந்தத் துணிச்சலை நம்பி இருக்கக் கூடாது.

அதனால் என் யோசனை இதுதான். ஆறு மாதக் கொழும்புச் செலவை இங்கேயே இலங்கை ரூபாயில் வையுங்கள். மிச்சத்தை ரேட் ஏறுமா இறங்குமா என்று காத்திருக்காமல் மாதாமாதம் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். கையில் கொஞ்சம் கூடவே வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் வீடு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சகஜம். ஓராண்டுக்கு கேட்பவர்களும் உண்டு. கணக்குத் திறக்கும் வரை சில்லறைச் செலவுக்கு யுபிஐ கைகொடுக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து லங்கா க்யூஆர் (இலங்கையின் பொதுவான க்யூஆர் குறியீடு) வைத்திருக்கும் பல கடைகளில் இந்தியச் செயலியாலேயே பணம் கட்ட முடிகிறது.

அப்புறம், பணத்தை எங்கே போடுகிறீர்கள் என்பது. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ போட்டால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அதற்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று இடங்களில் பிரித்துப் போடுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசே முழுப் பொறுப்பு. நிதி நிறுவனங்கள் வங்கியைவிட வட்டி கூடத் தரும். ஆனால் 2020இல் மட்டும் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் உரிமத்தை மத்திய வங்கி ரத்து செய்தது, இன்னொன்றின் வணிகத்தை இடைநிறுத்தியது. வாழ்நாள் சேமிப்பை அவற்றில் வைத்திருந்த வயதானவர்கள் பட்ட பாடு இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உரிமமே இல்லாமல் மாதம் ஐந்து, பத்து சதவீதம் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம், சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் அது பிரமிட் திட்டம். இங்கே சட்டப்படி குற்றம்.

பலர் கவனிக்காமல் விடுவது இபிஎஃப், அதாவது இங்குள்ள ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். இடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) அவர் தனியாக 3 சதவீதம். ஆகமொத்தம் சம்பளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு! வெளிநாட்டவர் என்பதால் இது இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறுப்பினர் எண்ணையும் பி கார்டையும் (இபிஎஃப் உறுப்பினர் அட்டை) கேட்டு வாங்குங்கள். பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்போது எடுக்கலாம். ஆனால் கிளம்பும் வாரத்தில் ஓடினால் நடக்காது, முன்கூட்டியே விண்ணப்பத்தைத் தயார் செய்யுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: வரிக்கு இங்கே வதிபவராகக் கருதப்பட்டால், 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரை சம்பளத்துக்கு வரி இல்லை; அதற்கு மேல் 6 சதவீதத்தில் தொடங்கி 36 வரை போகும். வைப்பு வட்டியில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். வட்டியை ஒப்பிடும்போது இதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஊர்ப் பக்கத்து வேலையும் ஒன்று இருக்கிறது. வேலைக்காக இங்கே குடிவந்த பிறகு ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வதியும் இந்தியர் ஊர் வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றச் சொல்லுங்கள். இங்கிருந்து அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டு வருமானத்தைப் போடும் கணக்கு) நல்லது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஐபியை (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) நிறுத்தத் தேவையில்லை, ஆனால் கேஒய்சியில், அதாவது உங்கள் அடையாள விவரப் பதிவில், வெளிநாட்டில் வதிபவர் என்று மாற்றிவிடுங்கள். அனுப்புவது வங்கி வழியாகவே இருக்கட்டும். இங்கே பணத்தை வாங்கிக்கொண்டு ஊரில் கையில் கொடுக்கிறவர் நல்ல ரேட் சொல்லலாம். ஆனால் அந்தப் பணம் எப்படி வந்தது என்று நாளை இந்திய வருமான வரித்துறை கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. வேலை ஒப்பந்தம், சம்பளச் சிட்டை, வரி பிடித்த சான்று மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பணம் அனுப்பும்போது வங்கி அவற்றைக் கேட்கலாம்.