புதிய காயில் போட்டும் நிற்காத மிஸ்ஸிங்: என் அனுபவம்

எங்கள் நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில், ஐட்லிங்கில் எஞ்சின் குலுங்குவதும், மேடேறும்போது இழுவை குறைந்து சைலன்சர் 'பட் பட்' என்று வெடிப்பதும், பானெட்டைத் திறந்தால் 'டிக் டிக்' என்று ஓர் ஒலி கேட்பதும், இக்னிஷன் காயிலை (ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கும் உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) மாற்றிய சில மாதங்களிலேயே திரும்பி வந்தன. காரின் கணினியிலிருந்து கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0303. மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது (மிஸ்ஸிங்) என்பது அதன் பொருள்.

மூன்றாவது காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டியபோது பி0302 வந்தது. கோளாறு காயிலோடு நகர்ந்ததால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும், சிலிண்டரின் அழுத்தமான கம்ப்ரஷனையும் அப்போதைக்கு ஒதுக்கிவைக்க முடிந்தது. செலவில்லாத இந்தச் சோதனைக்கு முன் உதிரிபாகம் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புதிய காயில் ஏன் இவ்வளவு விரைவில் கெட்டது என்பதற்கான விடை ஸ்பார்க் பிளக் குழிக்குள் இருந்தது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் அடியிலுள்ள பிளக் குழாய் சீல் இறுகிப்போனதால், எஞ்சின் ஆயில் கசிந்து உள்ளே தேங்கியிருந்தது. அதில் ஊறிய காயிலின் ரப்பர் உறை உப்பி விரிசல் விட்டிருக்க, மின்பொறி பிளக்கின் முனையில் தாவாமல் அவ்விரிசல் வழியாகச் சிலிண்டர் ஹெட்டுக்குப் பாய்ந்தது. 'டிக்' ஒலி அதனுடையதே.

தேங்கிய ஆயிலைத் துணியால் ஒற்றியெடுத்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். இல்லையேல் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். டேப்பட் கவர் கேஸ்கெட், சீல்கள், பிளக்குகள், காயில் அனைத்தையும் ஒருசேர மாற்றியதும் குலுக்கமும் ஒலியும் நின்றன. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் உட்புறத்தையே உருக்கிவிடக்கூடும்.