தரைத்தள வீட்டில் ரேடான் அளக்கிறீர்களா? கருவி இருக்கும் இடம்தான் முக்கியம்

லால்பாக் பூங்காவில் தலைநீட்டும் பாறைதான் பெங்களூருக்கு அடியிலும் பரவிக் கிடக்கிறது. அதிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது ரேடான் வாயு பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை. தரை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை வழியே வீட்டுக்குள் ஏறும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணம் இது. சமையல்மேடை கிரானைட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பங்கு மண்ணிலிருந்துதான் வரும்.

டிஜிட்டல் ரேடான் மானிட்டரைத் தரைத்தளப் படுக்கையறையில், தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில், சுவரை விட்டு ஓரடி தள்ளி வையுங்கள். ஜன்னல், ஃபேன் காற்று, சமையலறை, குளியலறை ஆகாது. ஒரு நாள் அளவை நம்பாதீர்கள்: ராத்திரி கதவைச் சாத்தினால் ஏறும், காலையில் திறந்தால் இறங்கும். மூன்று மாதச் சராசரி வேண்டும், அதில் ஜன்னல் மூடியே கிடக்கும் டிசம்பர், ஜனவரியும் இருந்தால் நல்லது. கரி டப்பா சோதனை (ரேடானை உறிஞ்சும் கரியைச் சில நாள் வீட்டில் திறந்து வைத்து, பிறகு ஆய்வகத்தில் அளப்பது) என்றால், டப்பாவை மூடியதும் அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 3.8 நாளில் ரேடானில் பாதி சிதைந்துவிடும், கூரியரில் தூங்கினால் அளவு தேறாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு); முடியாத இடத்தில் 300-ஐத் தாண்டக் கூடாது. கூடுதலாக இருந்தால் முதலில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், விரிசலை பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டால் அடையுங்கள். ஜன்னலை மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓட்டாதீர்கள், மண்ணிலிருந்து இன்னும் உறிஞ்சும். அப்படியும் குறையாவிட்டால், தரைக்கு அடியிலிருந்து 4 அங்குல பிவிசி குழாயை மொட்டைமாடிக்கு மேல் ஏற்றி, அதில் ஃபேன் பொருத்த வேண்டியதுதான்.