பழைய மரவீடுகளில் மின்கம்பிகளைக் கவனியுங்கள்

உத்தரமும் பரணும் மரத்தால் அமைந்த பழைய வீடுகளில், பல ஆண்டுகளுக்கு முன் சில விளக்குகளுக்காக மட்டும் இழுக்கப்பட்ட மின்கம்பிகளின் மேலுறை, குறிப்பாக அது ரப்பராக இருந்தால், காய்ந்து உதிரும் நிலையில் இருக்கக்கூடும். 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 5 ஆம்பியருக்கென அமைத்த விளக்கு இணைப்பில் அதைப் பொருத்தினால், மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், கம்பி விரைவில் சூடேறும். நீண்டகாலம் சூடுபட்ட மரமோ புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவதே நான் மிகவும் அஞ்சும் பழக்கம். பியூஸ் உருகுவது பழுதன்று, அது சுவருக்குள் இருக்கும் கம்பியைக் காப்பதற்காகவே உருகுகிறது. சுவிட்சுப் பலகை சூடாக இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, விளக்கு மினுங்கினாலோ, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, பரணுக்குள் செல்லும் கம்பிகளையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்போதே 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானையும் பொருத்திக்கொள்ளலாம்.

பரணில் பழைய தாள்களையும் துணிகளையும் கம்பிகளை ஒட்டி அடுக்காதீர்கள். உறங்கும் அறைக்கு வெளியே கூரையில் ஒரு புகை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தி, மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.